கன்டெய்னர் கடை போட்டவங்களுக்கும் காலி மனையில கலை செஞ்சவங்களுக்கும் ஒரு நன்றி மடல்

நியூசிலாந்தோட கிறைஸ்ட்சர்ச் மக்களே, குறிப்பா நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஊருக்கு நடுவுல இடிச்சுப் போட்ட மனைங்கள்ல எதையாச்சும் கட்டி வெச்சு எங்கள எல்லாம் மறுபடியும் உள்ள கூப்பிட்டவங்களே, உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப வருஷமா மனசுல இருக்கு. தமிழ்லயே எழுதுறேன், ஏன்னா இங்க படிக்கவும் வேலைக்கும் புதுசா வந்திருக்குற நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு அந்த வருஷங்கள பத்தி தெரியவே தெரியாது, இப்ப இருக்குற கண்ணாடி கட்டடங்களதான் அவங்க பாக்குறாங்க.

2011 பிப்ரவரி 22, மதியம் 12:51, நிலநடுக்கம். அதுக்கு முந்தின செப்டம்பர்ல வந்தது 7.1 அளவு, இது 6.3தான், ஆனா இது ஊருக்கு ரொம்ப கிட்ட, ஆழமும் கம்மி, மதிய சாப்பாட்டு நேரம் வேற, தெருவெல்லாம் ஆளுங்க. 185 உயிர் போச்சு. சிட்டி சென்டர வேலி போட்டு அடைச்சிட்டாங்க, அந்த வேலி மொத்தமா எடுக்க 2013 ஜூன் ஆயிருச்சு. ஆபீஸெல்லாம் புறநகருக்கு போயிருச்சு, சாமான் வாங்க அங்கங்க மால் இருக்கு, அப்புறம் எதுக்கு ஊருக்கு நடுவுல போகணும்? எனக்கு அப்ப பெரிய பயமே இதுதான். கட்டடம் விழுந்தா திரும்ப கட்டிக்கலாம், ஆனா அங்க போற பழக்கமே ஜனங்களுக்கு விட்டுப் போச்சுன்னா யாருக்காக கட்டுறது.

அதனாலதான் என்னோட மொத நன்றி ரீஸ்டார்ட்ங்கிற கன்டெய்னர் கடைத்தெருவுக்கு. அந்த வருஷமே அக்டோபர் 29, கேஷல் ஸ்ட்ரீட்ல, கப்பல்ல சரக்கு வர்ற கன்டெய்னருங்கள கலர் கலரா பெயின்ட் அடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, கண்ணாடி வெச்சு 27 கடையோட திறந்தாங்க, பக்கத்துல பேலன்டைன்ஸ்ங்கிற பெரிய கடையும் அதே நாள்ல கதவ திறந்துச்சு. சுத்தி கிரேனும் தூசியுமா இருக்க நடுவுல மட்டும் காபி வாசனை, பாட்டு, பூத்தொட்டி, குழந்தைங்க ஓடுறது, நம்ம ஊர் திருவிழாக் கடைத்தெரு மாதிரி ஒரு களை. நிலம் இன்னும் ஆடிட்டுதான் இருந்துச்சு, அப்படியிருந்தும் காலையில ஷட்டர தூக்கி கடைய திறந்தீங்க பாருங்க, அந்த தைரியத்துக்கு என்ன சொல்றது. தற்காலிகம்னு சொல்லி ஆரம்பிச்சது 2018 ஜனவரி வரைக்கும் எங்களோட இருந்துச்சு.

காலி மனைங்கள்ல தற்காலிகமா எதையாச்சும் செஞ்சு வெச்ச கேப் ஃபில்லர் குழுக்காரங்களே, உங்களுக்கு தனியா ஒரு கும்பிடு. டான்ஸ்-ஓ-மேட் தெரியாதவங்களுக்கு சொல்றேன், காசு போட்டு துணி துவைக்குற கடையில இருந்த பழைய வாஷிங் மெஷின் ஒண்ணு, காலி மனையில ஒரு மரத்தளம், சுத்தி ஸ்பீக்கர். அப்ப உங்க போன வயர்ல மாட்டி ரெண்டு டாலர் காச போட்டா அரை மணி நேரம் உங்க பாட்டு ஓடும், நீங்க ஆடலாம். அவ்ளோதான். 2012ல இளவரசர் சார்லஸ் வந்தப்ப அவரே அதுல ஆடினாரு. ஆனா எனக்கு அத விட பெருசு, ஆபீஸ் விட்டு போற ஒரு அம்மா பைய கீழ வெச்சிட்டு, யாரோ ஒரு காலேஜ் பசங்க போட்ட பாட்டுக்கு கூட சேர்ந்து ஆடுனது. அந்த மனையில முன்னாடி என்ன கட்டடம் இருந்துச்சு, அதுல யாரு வேலை பாத்தாங்க, எதுவும் மறக்கல, மறக்காமலே ஆடுனோம்.

அப்புறம் பேலட் பெவிலியன், நிகழ்ச்சி நடத்த காலி மனையில போட்ட அரங்கம். சரக்கு அடுக்குற நீலக்கலர் மரப்பலகைங்க 3000க்கு மேல, எல்லாம் தன்னார்வலருங்க கையால அடுக்குனது. ஒரு கோடைக்கு மட்டும்னுதான் ஆரம்பிச்சாங்க, பிரிக்கிற நேரம் வந்தப்ப ஜனங்க விடல, இன்னொரு வருஷம் ஓட்ட ஆன்லைன்ல 80 ஆயிரம் டாலருக்கு மேல சேர்ந்துச்சு. இன்சூரன்ஸ் பணம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்த ஊரு அது, அதுலயும் பாதிப் பேரு வீட்டுல சுவர் விரிசல், அப்படியும் பணம் போட்டீங்க. பழைய பிரிட்ஜ்ல புத்தகம் அடுக்கி தெருமுனையில வெச்சவங்க, ராத்திரியில பேட்மின்டன் ஆட வந்தவங்க, இடிபாட்டுல செடி வெச்ச கிரீனிங் த ரபிள்காரங்க, எல்லாருக்கும் சேத்துதான் சொல்றேன்.

கலைய பத்தி சொல்லணும்னா 185 வெள்ளை நாற்காலிய மொதல்ல சொல்லணும். பீட்டர் மஜெண்டி முதல் வருஷ நினைவுக்கு வெச்சது, சில நாளைக்குன்னு வெச்சது வருஷக்கணக்கா நின்னுச்சு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. சாப்பாட்டு மேஜை நாற்காலி, சக்கர நாற்காலி, பீன் பேக், நடுவுல கைக்குழந்தைய கார்ல வெக்கிற சீட் ஒண்ணு. எல்லாத்துக்கும் வெள்ளை பெயின்ட். செத்தவங்க பேரு எழுதியிருந்தா கூட எனக்கு அப்படி உறைச்சிருக்காது, அந்த சின்ன சீட்ட தாண்டி போக கால் வராது. மஜெண்டி சாருக்கு என் நன்றிய எப்படி சொல்றதுன்னு தெரியல.

இடிச்ச கட்டடத்தால வெளிய தெரிஞ்ச சுவருங்கள்ல வரைஞ்ச ஓவியருங்களே, தியேட்டர் ராயல் பின்சுவத்துல நின்ன அந்த பாலே பொண்ண வரைஞ்ச ஓவன் டிப்பியும் சேத்து, உங்களுக்கும் நன்றி. சில படத்துக்கு முன்னாடி புது கட்டடம் வரும்னு தெரிஞ்சேதான் வரைஞ்சீங்க. சிற்பி மைக்கேல் பரேகோவாய் செஞ்ச, பியானோ மேல நின்ன வெண்கலக் காளைய மாட்ராஸ் ஸ்ட்ரீட் காலி மனையில பாத்துட்டு ஊரே காசு சேத்து வாங்குச்சு. கலைன்னா வசதி வந்தப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றவங்ககிட்ட நான் இன்னிக்கும் இதத்தான் சொல்லி சண்டை போடுவேன். கட்டணமே வாங்காம அட்டைக்குழாய்ல தேவாலயம் வடிவமைச்சு குடுத்த ஜப்பான் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் அவர்களுக்கும் நன்றி, 2013ல அது திறந்தப்ப, ஊருக்கு நடுவுல எங்கயாவது கூரைக்கு கீழ உக்காரலாம்னு இருந்துச்சு.

பேரு வெளிய தெரியாத ஆளுங்கள விட்டுட்டா தப்பு. நிலத்த சும்மா பூட்டி வெக்காம, எங்க கட்டட வேலை ஆரம்பிக்குற வரை வெச்சுக்கங்கன்னு குடுத்த மனைக்காரங்க, நிலத்துக்காரரையும் ஐடியாக்காரரையும் சேத்து வெச்சு பேப்பர் வேலை பாத்த லைஃப் இன் வேகன்ட் ஸ்பேசஸ் டிரஸ்ட், நிலநடுக்கத்துல நிலத்துக்குள்ள இருந்து தெருவுக்கு வந்த சேத்துமண்ண மண்வெட்டியால அள்ளுன ஸ்டூடன்ட் வாலன்டியர் ஆர்மி பிள்ளைங்க, பலகை தூக்குனவங்க, ராத்திரி காவல் இருந்தவங்க. கன்டெய்னர் கடையில வேலை பாத்துட்டு, கடை மூடுனப்ப வேற வேலை தேடிப் போன தம்பி தங்கச்சிங்க, நீங்க இப்ப எந்த ஊர்ல இருந்தாலும் இது உங்க கண்ணுல படணும்.

அன்போட,
கிறைஸ்ட்சர்ச்ல இருந்து ஒரு தமிழ்க் குடும்பம்