பஸ் நம்ம ஸ்டாப்பைத் தாண்டித்தானே போயிருக்கும்

பாப்பா,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? இதை வீட்டு விலாசத்துக்குப் போடாமல் உன் ஆபீசுக்கே போடுகிறேன். போனில் பேசினால் உன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள். நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய்.

இங்கே பத்து நாளாக உறைபனி. விடிந்தால் தோட்டம் முழுக்க உப்பைக் கொட்டின மாதிரி இருக்கிறது. கால் வைத்தால் நொறுநொறுவென்று சத்தம். வெயில் ஏறினதும் உருளைக்கிழங்கு இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கிவிடுகிறது. பள்ளத்துப் பாத்திதான் போச்சு, மேட்டுப் பாத்தி தப்பித்தது. குளிர் எப்போதும் பள்ளத்தில்தான் வந்து தங்கும்.

நீ ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா? கோபியில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்பாய். மேலே வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம். மத்தியானம் சுள்ளென்று அடிக்கிற வெயிலை நம்பி வந்துவிடுகிறார்கள். மேகம் வந்து மூடினால் பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாது. வெறும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நெஞ்சில் சளி கட்டாதா?

மேலே சோளக்கதிர் விற்கிற அக்கா போன வாரம் வந்திருந்தாள். டெலஸ்கோப் வீட்டுக்குக் கீழே, காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கிற பக்கம், உன்னைப் பார்த்தாளாம். தனியாக இருந்தாயாம். ரெண்டு மணி நேரம். கதிர் கொடுத்தாளாம், வேண்டாம் என்றாயாம். என் பொண்ணு இல்லை, வேற யாரோ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த நீலச் சால்வை நான் எடுத்துக் கொடுத்தது.

மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக வந்தால் பஸ் நம்ம ஸ்டாப்பைத் தாண்டித்தானே தொட்டபெட்டா ஜங்ஷனுக்குப் போயிருக்கும். நான் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டு இருந்திருப்பேன். நீ ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாய். ஜங்ஷனில் இருந்து மூணு கிலோமீட்டர் மேலே ஏற முடிந்தது, இந்த வாசலில் இறங்க முடியவில்லையா? அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இந்த லைனில் முதலில் காலேஜ் முடித்தவள் நீதான். இன்றைக்கும் பசங்களுக்கு உன் பெயரைச் சொல்லித்தான் படி படி என்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. சரி, ஸ்வெட்டர் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் பின்னால் புல்மேட்டுக்குப் போய்ச் சீகையை, அந்த வாட்டில் மரத்தைத்தான், நாற்றாகப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். ஃபாரஸ்ட் வாட்சராக இருந்தபோது அவரே குழி எடுத்து நட்ட மரத்தின் விதை. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று மேடு மேடாக நட்டார்கள். சும்மா கிடக்கிற புல்லுதானே என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்தப் புல்லும் சோலையும்தான் மழையைப் பிடித்து வைத்துக் கோடையிலும் ஊற்றாக விட்டுக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரிந்தது? நீ குளித்த ஓடை மார்ச்சிலேயே வற்றிவிடுகிறது. இப்போது சர்க்காரே சீகையை வெட்டச் சொல்கிறது. நேற்று ராத்திரி அப்பா, "நட்டது நான்தானே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

அதிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை பாப்பா.

ஆடியில் நீ அந்தப் பெரிய பையோடு வந்தபோது என்ன ஏது என்று நான் கேட்கவே இல்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நீ அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். மூணாம் நாள் பக்கத்து வீட்டில் ஏதோ கேட்டார்கள் என்று, அனுசரித்துப் போ, எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான் என்று சொல்லி, மறுநாள் காலையில் நானே பையைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டேன். நீ திரும்பிப் பார்த்தாய். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். உன் கையில் அந்தக் காயத்தை நான் பார்த்தேன். பார்த்துத்தான் ஏற்றிவிட்டேன். ஊர் வாய்க்குப் பயந்தேன். இதை அப்பாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

உன் கல்யாணத்தில் அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாரே, தொட்டபெட்டாவில் பெய்கிற மழை இந்தப் பக்கம் பவானி, அந்தப் பக்கம் மாயாறு என்று பிரிந்து போய், பவானிசாகரில் ஒன்றாகித் தடப்பள்ளி வாய்க்காலில் என் பொண்ணு வீட்டுக்கு வரும் என்று. அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீர் வந்துவிடும். அதற்குத் திரும்பி ஏற வேண்டியதில்லை. நீ ஏறி வந்தும் வாசலைத் தாண்டிப் போகிற மாதிரி செய்தவள் நான்.

யார் என்ன கேட்டாலும் இனி நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். மேலே போய் உட்கார வேண்டும் என்றால் போ, ஆனால் இறங்கும்போது இங்கே வா. முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பெரிய பையோடு வந்தாலும் சரி.

உன் பச்சை ஸ்வெட்டரைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். கோபிக்கு அனுப்பவில்லை, இங்கேயே இருக்கட்டும்.

அம்மா