651-க்கு மறுநாள் என்ன நடந்தது? வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன். இருபத்திரண்டு வருடமாக உலக வரலாறு நடத்துகிறேன். இஸ்லாத்தின் தோற்றத்துக்கும் பரவலுக்கும் வருடத்தில் ஒரு வாரம் கிடைக்கும். அதிகம் போனால் எட்டு பீரியட். அந்த எட்டு பீரியடை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை முடித்திருந்தேன். கரும்பலகை நிறைய வருடங்கள். 632 நபிகள் நாயகம் மறைவு, 636 ரோமருக்கு எதிரான யார்முக் போர், 642 பாரசீகருக்கு எதிரான நிஹாவந்த் போர், 651 பாரசீகப் பேரரசர் மூன்றாம் யஸ்தகிர்த் மர்வு நகரருகே கொலை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், அப்போ 651-க்கு மறுநாளே பாரசீகத்துல எல்லாரும் முஸ்லிம் ஆயிட்டாங்களா?" யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். நான் எழுதிப்போட்ட வரிசை அந்தக் கேள்வியைத்தான் கேட்க வைக்கும்.

ஆகவில்லை. பாரசீக நாட்டு அறிஞர்களின் வம்சாவளிகளில் எந்தத் தலைமுறையில் பழைய பாரசீகப் பெயர் போய் முஸ்லிம் பெயர் வருகிறது என்று ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில்தான் அங்கே முஸ்லிம்கள் பாதிக்கு மேல் ஆனார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. எகிப்தில் கிறித்தவர்கள் சிறுபான்மை ஆவதற்குப் பல நூற்றாண்டு பிடித்தது. ஆட்சி பரவியது ஒரு கதை, மார்க்கம் பரவியது வேறொரு கதை. முதலாவது இருபது முப்பது வருடத்தில் நடந்தது. இரண்டாவது பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில் நடந்தது. நாம் இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒரே பச்சை நிறத்தைத் தீட்டி முடித்துவிடுகிறோம்.

இன்னொரு தவறும் செய்கிறோம். கதையைத் தொடங்கும்போதே அரேபியாவை வெறும் மணலாகக் காட்டிவிடுகிறோம். ஒட்டகம், கூடாரம், குலச்சண்டை, அவ்வளவுதான். தெற்கே யமனில் ஹிம்யர் அரசர்கள் யூத மார்க்கத்தை ஏற்றிருந்தார்கள். 523 வாக்கில் அவர்களில் ஒருவர் நஜ்ரான் நகரத்துக் கிறித்தவர்களைக் கொன்று குவித்தார். அதற்குப் பதிலாகச் செங்கடலைத் தாண்டி இன்றைய எத்தியோப்பியாப் பக்கத்து அக்சும் நாட்டுக் கிறித்தவ மன்னர் காலேப் படையோடு வந்து யமனைப் பிடித்தார். வடக்கே கஸ்ஸானியர் என்ற அரபுக் குலம் கிழக்கு ரோமப் பேரரசின், அதாவது பைசாந்தியத்தின், எல்லையைக் காத்தது. லக்மியர் என்ற இன்னொரு அரபுக் குலம் பாரசீகத்துக்காக ஹீராவில் இருந்து அதே வேலையைச் செய்தது. மக்காவின் குறைஷியர் குளிர்காலத்தில் ஒரு பயணம், கோடையில் ஒரு பயணம் போனதைக் குர்ஆனே சொல்கிறது. யமனுக்கும் சிரியாவுக்குமாகப் போய்வந்த வணிகர்கள் அவர்கள்.

நபிகள் நாயகத்துக்கு இறைச்செய்தி வருவதற்கு முன் மக்காவின் கஅபா ஆலயம் பழுதுபட்டு மீண்டும் கட்டப்பட்டபோது, கரையில் ஒதுங்கிய ரோமக் கப்பலின் மரத்தைக் கூரைக்குப் பயன்படுத்தினார்கள் என்பது பழைய வரலாற்று மரபு. 615 வாக்கில் மக்காவில் துன்பம் தாங்காமல் முதல் முஸ்லிம்கள் ஓடிப்போய்த் தஞ்சம் கேட்டது யாரிடம்? அதே அக்சும், அதாவது அபிசீனியாவின் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம். அவர் அவையில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் ஓதியது இயேசுவின் தாய் மரியாளின் பெயர் கொண்ட மர்யம் அத்தியாயம். குர்ஆனின் முப்பதாவது அத்தியாயத்துக்குப் பெயரே 'அர்ரூம்', அதாவது ரோமர்கள். 602-இலிருந்து 628 வரை ரோமும் பாரசீகமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. 614-இல் ஜெருசலேம் பாரசீகர் கைக்குப் போனது. மக்காவில் இருந்தவர்கள் அந்தப் போரின் செய்திக்குக் காத்திருந்தார்கள். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை நாம் நன்றாகவே நடத்துகிறோம். இருபத்தாறு வருடச் சண்டையில் இரண்டு பேரரசுகளும் கஜானா காலியாகிக் களைத்துப்போயிருந்தன என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் வேண்டுகோள் அதற்கு அடுத்த காலத்தைப் பற்றியது. படை வந்துவிட்டது, ஆட்சி மாறிவிட்டது, ஊர் ஜனங்கள் அதே ஜனங்கள். அப்புறம் என்ன நடந்தது? இதற்கு நான் இப்போது இரண்டு பொருள்களை வகுப்புக்கு எடுத்துப்போகிறேன், படமாகத்தான்.

முதலாவது ஒரு ரசீது. பாப்பிரஸ் தாளில் எழுதியது. இப்போது வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 22, அதாவது கி.பி. 643. எகிப்து கைமாறி ஒன்றிரண்டு வருடம்கூட ஆகவில்லை. அஹ்னாஸ் என்ற ஊரில் தங்கியிருந்த படைக்குத் தலைவர் அப்துல்லாஹ், அந்த ஊர் நிர்வாகிகளான கிறிஸ்தோபர், தியோதராக்கியோஸ் இருவரிடமிருந்து தம் ஆட்களின் சாப்பாட்டுக்கு 65 ஆடு வாங்கிக்கொண்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கிரேக்கத்தில் ஒருமுறை, அரபியில் ஒருமுறை. அரபிப் பகுதி ஐம்பது, பதினைந்து என்று ஆடுகளைப் பிரித்தே கணக்குச் சொல்கிறது. கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான், பத்திர எழுத்தர், தேவாலயத்தில் திருத்தொண்டரும்கூட. தாளின் பின்புறத்தில், இந்த ஆடுகள் வரிக்கு முன்பணமாகச் சேரும் என்று குறிப்பு.

ஒரு பீரியட் முழுக்க இந்த ரசீதை வைத்தே நடத்தலாம். வென்ற படை ஆட்டை வாங்கிக்கொண்டு ஏன் ரசீது கொடுத்தது? அதை ஏன் கிரேக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது? பழைய நிர்வாகிகள் ஏன் அதே நாற்காலியில் இருந்தார்கள்? பிள்ளைகளே பதில் சொல்வார்கள். நிலத்தின் அளவும் வரிப் பாக்கியும் தெரிந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். படைவீரர்கள் பஸ்ரா, கூஃபா, ஃபுஸ்தாத் என்று தனியாக அமைத்த நகரங்களில் இருந்தார்கள். பதிவேட்டில் பேர் இருந்தால் சம்பளம். கிராமத்துக்குள் அவர்கள் பெரும்பாலும் குடியேறவில்லை. அப்படியிருக்க, ஒரே இரவில் மதம் மாறுவதற்கு அங்கே யார் யாரைப் பார்த்து மாறுவது?

அந்தச் சமயத்தில் எழுதப்பட்ட அண்டை மக்களின் கடிதங்களும் உண்டு. பாரசீக நிலத்தில் வேரூன்றிய கிறித்தவச் சபையான கீழைத் திருச்சபையின் தலைவர் மூன்றாம் ஈஷோயாபு 659-இல் மறைந்தவர். அரபியர் நம் மதத்துக்கு எதிரிகள் இல்லை, குருமாரையும் மடங்களையும் மதிக்கிறார்கள் என்று எழுதிய அதே மனிதர், ஓமன் பக்கத்துக் கிறித்தவர்கள் சொத்தில் பாதியைக் காப்பாற்றிக்கொள்ள விசுவாசத்தை விட்டுவிட்டார்களே என்றும் வருந்தி எழுதினார். இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்கக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் அது வரலாறு ஆகாது.

இரண்டாவது பொருள் ஒரு வெள்ளிக்காசு. மெல்லிசாக, அகலமாக, அப்பளம் மாதிரி இருக்கும். முகப்பில் பாரசீகப் பேரரசர் குஸ்ரு, தலையில் இறக்கை வைத்த கிரீடம். பெயர் இஸ்லாத்துக்கு முந்திய பாரசீகத்தின் எழுத்தான பஹ்லவியில். திருப்பினால் நடுவில் எரியும் தீமேடை, இருபுறமும் இரண்டு காவலர்கள். அது பாரசீகரின் பழைய மதமான ஜரதுஷ்டிர மதத்தின் தீ. சரி, பாரசீகக் காசுதானே என்று வைத்துவிடப் போகும்போது விளிம்பைப் பாருங்கள். ஓரத்தில் சின்னதாக அரபி எழுத்தில் 'பிஸ்மில்லாஹ்'. முஸ்லிம் ஆளுநர்கள் அச்சடித்த காசு அது. சில காசுகளில் அந்த ஆளுநர்கள் தங்கள் அரபிப் பெயரையே பஹ்லவி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். இப்படி ஏறத்தாழ ஐம்பது வருடம் ஓடியது. சந்தையில் ஜனம் நம்பி வாங்குகிற காசின் முகத்தை யாரும் சட்டென்று மாற்ற மாட்டார்கள்.

மாற்றியவர் கலீஃபா அப்துல் மலிக். 691-692-இல் ஜெருசலேமில் பாறைக் குவிமாடத்தைக் கட்டியவரும் அவரே. பைசாந்தியக் கைவண்ணத்தில் மொசைக், அதன்மேல் அரபி வாசகங்கள், அவற்றில் மர்யமின் மகன் ஈஸாவை, அதாவது இயேசுவைப் பற்றிய வசனங்கள். 697 வாக்கில் அவருடைய தங்கக் காசில் படமே இல்லாமல் எழுத்து மட்டும் வந்தது. ஓரிரு வருடத்தில் வெள்ளிக்காசும் மாறியது. ஆனால் பேர் மாறவில்லை. தீனார் என்பது ரோமரின் தினாரியஸ். திர்ஹம் என்பது கிரேக்கரின் திராக்மா. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்பா துபாயிலிருந்து திர்ஹமையும் குவைத்திலிருந்து தீனாரையும் மாற்றி அனுப்புகிறார்! அந்தப் பணத்தின் பேரிலேயே ரோமும் கிரேக்கமும் இருக்கின்றன என்று சொன்னபோது ஒரு பையன் பர்ஸிலிருந்து பத்து திர்ஹம் நோட்டை எடுத்து நீட்டினான்.

அலுவலகமும் அப்படித்தான். டமாஸ்கஸில் கணக்கு கிரேக்கத்தில், ஈராக்கில் பஹ்லவியில். டமாஸ்கஸ் கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட சர்ஜூன் ஒரு கிறித்தவர். ஈராக்கின் கணக்கை அரபிக்கு மாற்றுகிற வேலை சாலிஹ் என்ற எழுத்தரிடம் வந்தது. அவரே பாரசீகத்தின் கிழக்கே சிஜிஸ்தானிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவரின் மகன். என்னால் முடியவில்லை என்று சொல்லிவிடு, லட்சம் திர்ஹம் தருகிறோம் என்றார்களாம் பாரசீக எழுத்தர்கள். அவர் மறுத்தபோது, நீ எங்கள் மொழியின் வேரை அறுத்ததுபோல் இறைவன் உன் வேரை அறுக்கட்டும் என்று அவர்களில் ஒருவர் சபித்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு பேரரசு விழுந்து நாற்பத்தைந்து வருடம் கழித்து, ஒரு கணக்கப்பிள்ளை தன் மொழிக்காக அழுகிறார். இதைவிடப் பெரிய போர்க்காட்சி எனக்குத் தெரியாது.

தோழர்களே, இதையெல்லாம் வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளைகள் வகுப்புக்கு வரும்போதே கைபேசியில் ஒரு பதிலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிலருக்கு 'வாளால் பரவியது'. சிலருக்கு 'பார்த்தவுடன் எல்லோரும் விரும்பி ஏற்றார்கள்'. இரண்டு பக்கமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நாம் இரண்டில் ஒன்றைச் சொன்னால் ஒரு பக்கத்துப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. அதைப் பல வருடம் கண்ணால் பார்த்திருக்கிறேன், பார்த்தும் கடந்துபோயிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

உண்மை இந்த இரண்டு பதிலையும்விடச் சிக்கலானது. முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டிய தலைவரியான ஜிஸ்யா சுமையாகத்தான் இருந்தது. ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் காலத்தில், மதம் மாறி ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த உழவர்களை ஏற்க மறுத்தார்கள். வரி குறையுமே என்று திரும்பக் கிராமத்துக்கே விரட்டினார்கள், ஜிஸ்யாவையும் விடாமல் வசூலித்தார்கள். ஆட்சியே மதமாற்றத்தை விரும்பாத காலம் இருந்தது என்பதை எத்தனை பேர் நடத்துகிறோம்? 717-இல் ஆட்சிக்கு வந்த கலீஃபா இரண்டாம் உமர், மதம் மாறியவர்களிடம் அந்த வரியை நிறுத்தச் சொன்னார். இறைவன் முஹம்மதை அழைப்பவராக அனுப்பினான், வரி வசூலிப்பவராக அல்ல என்று அவர் சொன்னதாகப் பதிவு. இஸ்லாத்தை ஏற்ற அரபியரல்லாதவர்கள் ஏதாவது ஓர் அரபுக் குலத்தோடு 'மவாலி'யாக ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சமமாக நடத்தச் சொல்லி அவர்கள் கேட்ட நியாயமும் சேர்ந்துதான் பாரசீகத்தின் வடகிழக்கான குராசானிலிருந்து கிளம்பி 750-இல் அப்துல் மலிக்கின் வம்சமான உமய்யா ஆட்சியைக் கவிழ்த்தது. அதன்பிறகு பக்தாதில் அமைச்சர்களாக இருந்த பர்மகிகள், இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்கு நகரத்து நவபஹார் என்ற பௌத்த விகாரையைக் காத்துவந்த குடும்பத்தின் வாரிசுகள்.

அடுத்த முறை இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது வரைபடத்தை இரண்டாகப் போடுங்கள். ஒன்றில் 651 வரையிலான ஆட்சி எல்லை. இன்னொன்றில் இருநூறு வருடம் கழித்து யார் எந்த மதத்தில், எந்த எழுத்தில் எழுதினார்கள் என்பது. இரண்டாவதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 849-ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. ஒரு கிறித்தவப் பள்ளிக்கு தென் கேரளத்து வேணாட்டின் ஆட்சியாளர் அய்யனடிகள் கொடுத்த உரிமைகள், வட்டெழுத்தில். கடைசித் தகட்டில் மேற்கிலிருந்து வந்த வணிகர்களின் சாட்சிக் கையெழுத்துகள்: அரபியில் சில, ஹீப்ரு எழுத்தில் சில, பஹ்லவியில் சில. பஹ்லவியில் ஒப்பமிட்டவர்களில் ஜரதுஷ்டிரர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. போன வாரம் வராந்தாவில் அவளை நிறுத்தி அந்தத் தகட்டின் படத்தைக் காட்டினேன். பஹ்லவி வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் உள்ளங்கையில் பேனாவால் 849 என்று எழுதி, கீழே 651 எழுதிக் கழித்தாள். "நூத்தித் தொண்ணூத்தெட்டு வருஷம், சார்" என்றாள்.

அன்புடன்,
உங்களில் ஒரு வரலாற்று ஆசிரியர்