குமிழின் அளவைப் பார்த்துவிட்டு மெஷ் போடு

காட்பாடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கத்திரி தொடங்கவே இல்லை, அதற்குள் இங்கே பத்து மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியவில்லை. ராணிப்பேட்டையிலும் அப்படித்தான் இருக்கும். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

டேனரிக் கழிவுநீரின் காற்றூட்டுத் தொட்டியை கம்ப்யூட்டரில் சிமுலேட் செய்ய எந்த மாடல், தொட்டியை எத்தனை லட்சம் செல்லாக, அதாவது சிறு கட்டங்களாக, வெட்டுவது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்: உன் தொட்டியில் குமிழ் எத்தனை மில்லிமீட்டர்? ஏறும் குமிழை நீர் தடுக்கும் இழுவிசை, அதைப் பக்கவாட்டில் தள்ளும் பக்கவிசை, ஆக்சிஜன் கரையும் பரப்பு எல்லாமே அந்த ஒரு எண்ணில் தொங்குகின்றன. எண் தப்பென்றால், அந்தக் கட்டங்களின் வலையான மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் தப்பான விடைதான் இன்னும் அழகாக வரும்.

15 செ.மீ. விட்டத்தில் ஒரு மீட்டர் உயர அக்ரிலிக் குழாய் ஒன்று வாங்கு. அடியில் டிஃப்யூசரின் (தொட்டியின் அடியில் காற்றைக் குமிழாக விடும் தட்டு) மெம்பிரேன், அதாவது நுண்துளைச் சவ்வு, அதில் ஒரு துண்டைப் பொருத்து. குழாய் உருண்டை என்பதால் குமிழ் அகலமாகத் தெரியும். அதனால் ஒரு சதுரக் கண்ணாடித் தொட்டிக்குள் நிறுத்தி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படம் எடு. குழாய்க்குள் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். முதலில் வீட்டுக் குழாயில் வரும் சாதாரணத் தண்ணீர், பிறகு உன் தொட்டியின் நீரைத் தெளியவைத்து மேலாக எடுத்தது. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சாதாரணத் தண்ணீரில் குமிழ்கள் மேலே வர வர ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். உன் நீரில் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். அதில் அவை சேராது. குழாய் முழுக்கப் பால் கலந்ததுபோல் வெளுத்து நிற்கும். நூறு குமிழையாவது அளந்து, விட்டத்தின் மும்மடிகளின் கூட்டுத்தொகையை இருமடிகளின் கூட்டுத்தொகையால் வகு. மாடலில் போட வேண்டிய விட்டம் அதுதான். சாதாரண சராசரி இங்கே உதவாது.

குமிழ் சிறிதானால் ஆக்சிஜன் நன்றாகக் கரையும் என்று உடனே கணக்குப் போட்டுவிடாதே. தோலில் ஏற்றும் எண்ணெய், கொழுப்பு எடுக்கப் போடும் சோப்பு எல்லாம் குமிழின் மேல் படிந்து ஆக்சிஜன் போகும் வழியை மறிக்கும். 4 மி.மீ. குமிழுக்கு ஹிக்பி சூத்திரத்தில் ஆக்சிஜன் நீருக்குள் போகும் வேகத்தைச் சொல்லும் கெழு வினாடிக்கு 0.0004 மீட்டர் அளவில் வரும். அது சுத்தமான நீருக்கு உரியது. உன் தொட்டிக்கு அதை மேல் வரம்பாக மட்டும் வைத்துக்கொள்.

இனி மாடல். ஒவ்வொரு குமிழின் உருவத்தையும் பின்தொடரும் விஓஎஃப் முறை இவ்வளவு பெரிய தொட்டிக்குக் கட்டுப்படியாகாது. காற்றையும் நீரையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்த இரண்டு பாய்மங்களாகக் கணக்கிடும் ஆய்லர்-ஆய்லர் முறையை எடு. இழுவிசைக்கு ஷில்லர்-நௌமன் சூத்திரம் வேண்டாம், அது கெட்டியான கோளத்துக்கு உரியது; குமிழுக்கு உரிய கிரேஸ் அல்லது டோமியாமா சூத்திரம் போடு. பக்கவிசை காற்று-நீரில் சுமார் 5.8 மி.மீ. விட்டத்தில் திசை மாறும்: சின்னக் குமிழ்கள் ஓட்டம் மெதுவான பக்கம் ஒதுங்கும், பெரியவை வேகமான நடுப்பகுதிக்கு ஓடும். குமிழ்கள் சேர்ந்தும் உடைந்தும் அளவு மாறுவதைக் கணக்கிடும் பாப்புலேஷன் பேலன்ஸை இப்போதைக்குத் தொடாதே. அதன் சேர்தல், உடைதல் சூத்திரங்களை உன் நீருக்குச் சரிபார்க்காமல் போட்டால் சமன்பாடுகள்தான் கூடும். கசடையும் தனிப் பாய்மமாக வைக்க வேண்டாம். அது தெளிவிப்புத் தொட்டிக்கு வேலை.

பெரும்பாலோர் வழுக்குவது டிஃப்யூசரில். ஒரு டிஃப்யூசர் டிஸ்க்குக்கு மணிக்கு 3 கன மீட்டர் காற்று, பரப்பு 0.04 சதுர மீட்டர் என்று வை. மேலே 4.5 மீட்டர் நீர் இருந்தால் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 1.44 மடங்கு, எனவே அடியில் அது 2.1 கன மீட்டர்தான். இதைக் காற்றுப் பங்கு 1, வேகம் வினாடிக்கு 0.0146 மீட்டர் என்று கொடுத்தால் டிஸ்க்கின் மேல் காற்று மெத்தை கட்டிக்கொண்டு கணக்கு உடையும். காற்றுப் பங்கு 0.063, வேகம் 0.23 என்று கொடு. பெருக்குத்தொகை அதேதான், ஆனால் குமிழ்கள் தம் இயல்பான வேகத்தில் புறப்படும். காற்று மேலே போகப் போக விரிவதையும் சேர்த்துவிடு, அடர்த்தியை நிலையாக வைக்காதே. கத்திரியில் ப்ளோயர் 42 டிகிரி காற்றை இழுத்தால், 30 டிகிரியைவிட நிறை 4 சதவீதம் குறையும். உள்ளே கொடுக்கும் எண் நிறையாகவே இருக்கட்டும்.

மேற்பரப்பிலும் கவனம் வை. நீருக்கு மேலே வெறும் காற்றையும் சேர்த்தால், அங்கே குமிழின் இழுவிசைச் சூத்திரம் பொருளிழந்து டைம் ஸ்டெப், அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் நகரும் நேரம், சரியும். ஃப்ளுயன்ட் மென்பொருளில் டீகேசிங் என்றே ஒரு எல்லை உண்டு. காற்று போகும், நீர் நிற்கும். ஓபன்ஃபோம் மென்பொருள் என்றால் அரை மீட்டர் காற்றிடம் விட்டு, அங்கே வேறு இழுவிசைக்கு மாறும்படி வை. செல் டிஸ்க்கருகே 2, 3 செ.மீ., மற்ற இடத்தில் 10 செ.மீ. போதும். செல் குமிழைவிடச் சிறிதானால் இந்த முறைக்கே பொருளில்லை. டைம் ஸ்டெப் 0.01 வினாடியில் தொடங்கு. நீர் தொட்டியைச் சில முறை சுற்றி வந்த பிறகே சராசரி எடு. உள்ளே போன காற்றின் நிறை வெளியே வருகிறதா என்று அப்போதே பார்.

இத்தனை பாடும் எதற்கென்றால் டிஃப்யூசர் அமைப்புக்காக. குமிழ் தனியாக ஏறினால் வினாடிக்கு 0.23 மீட்டர்; 4.5 மீட்டர் ஏற இருபது வினாடி. எல்லா டிஸ்க்கையும் ஒரு சுவரோரம் வரிசையாக வைத்தால் நீரும் சேர்ந்து மேலே ஓடும். அந்த ஓட்டம் வினாடிக்கு 0.35 மீட்டர் என்றால், இரண்டு வேகமும் கூடி, குமிழ் எட்டே வினாடியில் வெளியேறிவிடும். கரைவதற்குக் கிடைத்த நேரம் பாதிக்கும் கீழே. ஒரு மெம்பிரேன் கிழிந்தாலும் இதே கதி: அந்த இடத்தில் மேற்பரப்பு கொதிப்பதுபோல் புரளும், பக்கத்து டிஸ்க்குகளின் நுண்குமிழ்களையும் அது இழுத்துக்கொண்டு போகும். சுண்ணாம்பு படிந்து துளைகள் அடைபட்ட டிஸ்க்குகளை மூடியதாகவே மாடலில் வை. எல்லாம் புதிது என்று வைத்துப் போட்ட ரன் உன் தொட்டியைக் காட்டாது.

சரிபார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. பாதி தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலை மேலே விட்டு, 2 மீட்டர் கடக்கும் நேரத்தை ஸ்டாப் வாட்ச்சில் பத்து முறை எடு. மேற்பரப்பு வேகம் ரன்னோடு ஒத்துப்போனால்தான் ஆக்சிஜன் கணக்குக்குப் போகலாம்.

குமிழ்ப் படங்களை அனுப்பு, அளந்துவிட்டு எழுதுகிறேன். எந்த டிஸ்க்குகள் அடைபட்டிருக்கின்றன என்று தொட்டியின் படத்தில் குறித்து அதையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்