பெட் வேறு, பாலித்தீன் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா கட்டுரையில், 'இதை நிலத்தில் தெளித்தால் ஆறே வாரத்தில் பாலித்தீன் மக்கிவிடும்' என்றொரு வரி. அச்சுக்குப் போகுமுன் தங்கள் மேசையில் ஒருவரேனும் அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

ஜப்பானின் சகாய் நகரில், பெட் பாட்டில் மறுசுழற்சி ஆலையருகே கண்டெடுத்து 2016-இல் அறிவித்த ஐடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற அந்த பாக்டீரியா தின்பது பெட்டை, அதாவது தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கை. பெட்டின் மூலக்கூறுச் சங்கிலியில், ஆக்சிஜன் வழியாக இணையும் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. பெட்டேஸ் என்ற நொதி நீரைக்கொண்டு அவற்றை வெட்டுகிறது. பாலித்தீனின் சங்கிலியோ முழுக்கக் கார்பன்-கார்பன் பிணைப்பு. அந்த நொதிக்கு அங்கே வெட்ட எதுவுமில்லை. பிளஸ் டூ வேதியியல்தான், தாங்கள் அறியாததல்ல.

ஆறு வாரக் கணக்கும் ஆய்வகத்தில், 30 டிகிரியில், படிகத்தன்மை (மூலக்கூறுகள் ஒழுங்காக நெருங்கி அமைந்த பகுதியின் அளவு) 2 சதவீதம்கூட இல்லாத மெல்லிய பெட் படலத்துக்கு உரியது. தண்ணீர் பாட்டிலில் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் நொதிக்குப் பிடி கிடைக்காது. 2020-இல் பத்து மணி நேரத்தில் 90 சதவீதம் உடைத்துக் காட்டிய பிரெஞ்சுக் குழுவினர்கூட, பெட்டை முதலில் உருக்கிப் படிகத்தன்மையைக் குறைத்து, பொடியாக்கி, 72 டிகிரி சூட்டில் கலனுக்குள்தான் செய்தார்கள்.

இது முதல் முறையுமல்ல. பிஎல்ஏ என்ற தாவரவழி பிளாஸ்டிக்கில் செய்த பைகள் கொல்லைமண்ணில் மக்கும் என்று முன்பு எழுதினீர்கள். அதற்கு 58 டிகிரியளவு சூடேறும் ஆலைக் கம்போஸ்ட் குவியல் வேண்டும். புதைத்த பையின் எடை குறைந்ததையே சான்றாக வைத்து, பாலித்தீனை மக்கவைத்த மாணவர்கள் என்றும் ஒரு செய்தி. பையில் கலந்த ஸ்டார்ச் கரைந்தாலும், துணுக்குகள் உதிர்ந்தாலும் எடை குறையும். உண்மையில் மக்கியதா என்று அறிய, பையை மண்ணோடு மூடிய ஜாடியில் வைத்து, நுண்ணுயிர்கள் தின்னும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பிடித்து அளக்க வேண்டும். வெறும் மண் ஜாடியின் அளவைக் கழிக்க வேண்டும். எளிதில் மக்கும் செல்லுலோஸ் போட்ட ஜாடி ஒன்றும் ஒப்பிட உடன் வேண்டும். அந்தச் செல்லுலோஸே மக்கவில்லை என்றால் அந்தச் சோதனை செல்லாது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

தங்கள் வரியை நம்பி ஒரு விவசாயி, களை வராமலிருக்க மண்மேல் விரித்த பாலித்தீன் மல்ச்சிங் ஷீட்டைச் சுருட்டி எடுக்காமல் உழுதுவிட்டால், அது துண்டுதுண்டாகி வேர்மண்ணில் தங்கிவிடும். பிறகு பொறுக்கி எடுக்க முடியாது. இதை எண்ணித்தான் மனம் பதறுகிறது.

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், 'அது பெட்; பாலித்தீன் அல்ல. மல்ச்சிங் ஷீட்டை உழவுக்கு முன் எடுத்துவிடுங்கள்' என்று இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்