வண்டிகளின் பின்விளக்கிலும் இண்டிகேட்டரிலும் மாற்றி மாட்டப்படும் எல்.இ.டி. பல்புகளை முறையாகச் சோதிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஆட்டோ எலக்ட்ரீசியன்,
பரமத்தி வேலூர்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: எல்.இ.டி. பல்பு மாற்றிய வண்டிகளின் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றைத் தகுதிச் சான்று ஆய்வின்போது பார்க் லைட் (இரவில் பின்னால் மங்கலாக எரியும் சிவப்பு விளக்கு) எரியவிட்டுச் சோதிக்கவும், எலக்ட்ரீசியன்களுக்குப் பயிற்சி அளிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 22 வருடமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்து வருகிறேன். லாரி, ஆட்டோ, பைக் எல்லாம் என் கடைக்கு வரும். என் கையால் நடந்த ஒரு தவறுதான் இந்த மனுவை எழுத வைத்தது.

போன ஐப்பசியில் ஒரு மழை இரவு. காய்கறி ஏற்றிப் போன சிறிய சரக்கு வண்டி ஒன்றின் பின்னால், பைக்கில் வந்த தம்பி ஒருவர் மோதிவிட்டார். முழங்கை முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். "முன்னாடி வண்டி பிரேக் போட்டதே தெரியலீங்க" என்று அவர் சொன்னாராம். அந்த வண்டிக்கு ஆடி மாதத்தில் பின்பக்க எல்.இ.டி. பல்பு மாட்டியவன் நான்.

மறுநாள் வண்டியைக் கடைக்கு வரச்சொன்னேன். பார்க் லைட்டைப் போட்டுவிட்டு, டிரைவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். பத்தடியில் லேசாக ஒரு மாற்றம் தெரிந்தது. முப்பது தப்படி தள்ளிப் போனதும் மிதித்தாரா விட்டாரா என்றே புரியவில்லை. ஆடியில் நான் அதைப் பட்டப்பகலில், பார்க் லைட் போடாமல் சோதித்திருந்தேன். மிதித்ததும் சிவப்பாக எரிந்தது, சரியென்று அனுப்பிவிட்டேன்.

கம்பெனியிலிருந்து வரும் டபுள் காண்டாக்ட் பல்பில் இரண்டு இழை உண்டு. பார்க் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். வாட்டிலேயே நான்கு மடங்கு, வெளிச்சத்தில் வித்தியாசம் அதைவிடப் பெரிது. பின்னால் வருபவர் பிரேக்கை உணர்வது அந்த வித்தியாசத்தால்தான். மலிவு எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் அது இல்லை, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். சிலவற்றில் பார்க் லைட் கரண்ட் உள்ளுக்குள்ளேயே பிரேக் லைனுக்குக் கசிந்துவிடுகிறது. ஹோல்டரில் எர்த் (கரண்ட் திரும்பிப் போகும் இணைப்பு) துருப்பிடித்திருந்தாலும் இதே கோளாறுதான் வரும். அதனால் பல்பை மாற்றுமுன் எர்த்தைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். அவசரத்தில் எங்களில் பலர் பார்ப்பதில்லை. சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி. போட்டால் வெளிச்சம் ரோஸ் நிறத்தில் வெளிறிப்போகும். சிவப்புக்குச் சிவப்பு, ஆரஞ்சுக்கு ஆரஞ்சு பல்புதான் போட வேண்டும்.

இண்டிகேட்டர் கோளாறு வேறு மாதிரி. ஒரு பக்கத்தின் முன்னும் பின்னும் உள்ள இரண்டு 21 வாட் பல்பும் சேர்ந்து 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். பழைய பிளாஷர் (இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பாகம்) அந்த லோடை நம்பித்தான் வேலை செய்கிறது. எல்.இ.டி. போட்டதும் லோடு அரை ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடுவதால், ஒரு பல்பு பியூஸ் ஆனதாக நினைத்துப் படபடவென்று அடிக்கும். சூட்டில் வளையும் தகடு வைத்த பழைய பிளாஷராக இருந்தால் மினுக்காமல் அப்படியே நின்று எரியும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி 102, இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மேற்படாமலும் மினுக்க வேண்டும் என்கிறது. கடைக்கு வந்த ஒரு வண்டியில் அரை நிமிடத்தில் 90 எண்ணினேன். எஃப்.சி. (தகுதிச் சான்று ஆய்வு) முடித்து ஒரு மாதம்கூட ஆகாத வண்டி அது.

இதற்குக் கடைகளில் சொல்லும் மருந்து 6 ஓம் ரெசிஸ்டர் (கரண்ட் இழுத்து லோடைக் கூட்டும் மின்தடை). மினுக்கு சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் ஓடும் வண்டியின் 14 வோல்ட்டில் ஒவ்வொரு ரெசிஸ்டரும் எரியும் நேரமெல்லாம் 30 வாட்டுக்கு மேல் சூடாகிறது. இதை வயர் கட்டோடு டேப் சுற்றி வைத்துவிடுகிறார்கள். பழுதாகி ரோட்டோரம் நான்கு இண்டிகேட்டரும் போட்டு நின்ற வண்டியொன்றில், வயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கருகிப்போனதை நான் பிரித்தெடுத்திருக்கிறேன். பக்கத்தில்தான் டீசல் குழாய். ரெசிஸ்டர் போட்டே ஆகவேண்டுமென்றால் இரும்புச் சட்டத்தில் திருகி இறுக்க வேண்டும். அதைவிட, லோடைப் பார்க்காமல் மினுக்கும் எல்.இ.டி. பிளாஷரை மாற்றிவிடுவதுதான் முறையான வேலை.

பைக்கில் இன்னொன்று உண்டு. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பைலட் விளக்கு (இண்டிகேட்டர் எரிவதை ஓட்டுபவருக்குக் காட்டும் சிறு விளக்கு) இருக்கும் வண்டிகளில், எல்.இ.டி. போட்டால் எந்தப் பக்கம் தட்டினாலும் நான்கும் மினுக்கும். பைலட் வழியாக மறுபக்கத்துக்குக் கரண்ட் போவதுதான் காரணம். இரண்டு டயோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) வைத்து, பைலட்டுக்குத் தனி எர்த் கொடுத்தால் தீர்ந்தது. இது தெரியாமல் எத்தனையோ பேர் வலமா இடமா என்றே சொல்லாத வண்டியை ஓட்டுகிறார்கள்.

ஐயா, மோட்டார் வாகன ஆய்வாளர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆய்வு பகலில் நடக்கிறது, நான் சோதித்த அதே மாதிரி. ஆய்வின்போது பார்க் லைட்டை எரியவிட்டுப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் முப்பது தப்படி தள்ளி நின்று பார்க்கவும், இண்டிகேட்டரை அரை நிமிடம் எண்ணவும் உத்தரவிட வேண்டுகிறேன். ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். கோளாறு கண்டால் முதல்முறை அபராதம் போடாமல் சரிசெய்துவர ஒரு வாரம் கொடுங்கள். வண்டிக்காரர் பல்பு வாங்கியதோடு சரி, மாட்டியது எங்களைப் போன்றவர்கள். எந்தப் பல்பை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதையும் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு ஸ்பேர்ஸ் கடைகளிலும் எங்கள் கடைகளிலும் ஒட்டச் செய்ய வேண்டும். சாலைப் பாதுகாப்பு மாத நிகழ்ச்சிகளில் எலக்ட்ரீசியன்களுக்கு அரைநாள் பயிற்சி வைத்தால், கடையை மூடிவிட்டு வரத் தயாராக இருக்கிறோம்.

பழைய பல்பும் எல்.இ.டி. பல்பும் அருகருகே எரியும்படி பலகை ஒன்று செய்து வைத்திருக்கிறேன். சுவிட்சைத் தட்டினால் மேலே சொன்ன கோளாறுகள் அத்தனையும் கண்ணால் பார்க்கலாம். எந்த அலுவலகத்துக்கு, எந்த நாள் கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: பரமத்தி வேலூர்
நாள்: 09.09.2024