ஆண்டறிக்கை 2024–25: சங்கக் கணினியும் பழைய கோப்புகளும்

தலைவர் அவர்களே, பொறுப்பாளர்களே, கீழ்பவானி ஆயக்கட்டு விவசாயப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்ட நடவடிக்கைகளும், தூர்வாரச் சொல்லிக் கொடுத்த மனுக்களும் பதிவேட்டில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு அதிக நேரம் பிடித்தது ஆபீஸ் கணினி வேலை என்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பவானிசாகர் அணை 1955ல் கட்டி முடிந்தது. அதிலிருந்து பாசனம் பெறும் நம் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டுக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து மாற்றி மாற்றித்தான் விடுகிறார்கள். அதனால் ‘அந்த வருசம் எங்க மதகுக்கு எப்பங்க தண்ணி விட்டாங்க?’ என்று கேட்டு யாராவது ஒருவர் வந்துகொண்டே இருப்பார். ஆதாரம் எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் இருக்கிறது. எந்தப் பெயரில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

பல கை பட்ட கோப்புகள் அவை. ‘மதகு’ என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது நடு எழுத்துக்கு ஒருவர் டிஎச் (dh) போட்டார், இன்னொருவர் டீஎச் (th) போட்டார், மூன்றாமவர் வெறும் டி (d) போட்டார். தொடக்கம் சிலருக்குப் பெரிய எழுத்து, சிலருக்குச் சின்ன எழுத்து. நம் கணினியில் இருப்பது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதற்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு பெயர்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பெருந்துறையில் பொறியியல் படிக்கிறார். அவர்தான் ‘ஏனுங்க பெரியப்பா, ஒவ்வொரு ஃபோல்டரா எதுக்குத் தொறக்கறீங்க?’ என்று கேட்டு, கருப்புத் திரையில் கட்டளை அடித்துத் தேடச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஃபைண்ட் என்ற கட்டளை. அதில் ‘நேம்’ என்று கொடுத்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்கும். ‘ஐநேம்’ என்றால் பார்க்காது. சந்தேகமான இடத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும். எம்ஏ, நட்சத்திரம், ஏஜியு என்று அடித்தால் மூன்று மதகும் வந்து நிற்கிறது. பெயருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நட்சத்திரம் தேவை, முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போடுவதும் முக்கியம். லொகேட் என்ற கட்டளை இன்னும் வேகம். ஆனால் அது ஏற்கெனவே எடுத்து வைத்த பட்டியலைப் பார்த்துச் சொல்வது. காலையில் ஸ்கேன் செய்ததை, பட்டியலைப் புதுப்பிக்கும்வரை காட்டாது.

எந்த எழுத்தில் பிழை என்றே தெரியாதபோது, கொஞ்சம் பிழை இருந்தாலும் தேடித்தரும் ஏகிரெப். அரிசோனா பல்கலைக்கழகத்தில் சன் வூ, உடி மேன்பர் இருவரும் செய்த கருவி அது. நாங்கள் போட்டிருப்பது அதே வழியில் பின்னால் வந்த டிஆர்இ ஏகிரெப். ஒரு எழுத்தைச் சேர்ப்பது, விடுவது, மாற்றுவது ஒவ்வொன்றும் ஒரு பிழைக் கணக்கு. டீஎச் மதகிலிருந்து டி மதகுக்குப் போக ஒரு மாற்றம், ஒரு நீக்கம், ஆக இரண்டு. எனவே இரண்டு பிழை வரை விடச் சொன்னால் போதும். மூன்று என்றால் சம்பந்தமில்லாததெல்லாம் வந்து குவிகிறது. எஃப்இசட்எஃப் என்ற இன்னொன்றை இளைஞர்கள் விரும்புகிறார்கள். எழுத்துகளை இடையில் விட்டு அடித்தாலும், அடிக்க அடிக்கவே பட்டியல் சுருங்கும். ஆனால் தப்பான எழுத்தை அடித்தால் அது மன்னிக்காது. எனக்கு ஏகிரெப்தான் பிடித்திருக்கிறது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளில் வேறொரு வினை. ‘கோபி’ என்று திரையில் தெரியும், தேடினால் கிடைக்காது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் ‘கோ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனிக் குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஃபைண்டுக்கு இரண்டும் வேறு. ‘கொடிவேரி’ என்ற பெயருக்கும் இதே கதி. கன்வ்எம்வி என்ற கருவியால் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். எதை எப்படி மாற்றப்போகிறது என்று முதலில் வெறுமனே காட்டிவிட்டு, நாம் சம்மதம் கொடுத்த பிறகே மாற்றுவதால் பயமில்லாமல் செய்ய முடிந்தது.

அப்புறம், ஃபைண்டிலேயே அழிக்கும் வசதியும் இருக்கிறது. நட்சத்திரம் போட்ட பெயரோடு அதை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

இனிப் புதுக் கோப்புக்கு ஆண்டு, மதகு எண், பொருள் என்ற வரிசையில் சின்ன ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கும் தீர்மானத்தை இக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ‘மதகு’க்கு டிஎச். சங்கத்தின் பென்டிரைவ் வைத்திருப்பவர்கள் ஆகஸ்ட் 15க்கு முன் ஆபீஸில் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் திறந்துவிட்டால் நம்மில் யாரையும் பிடிக்க முடியாது.

செயலாளர்