வெறும் வயிற்றில் 88

அன்புள்ள சிஸ்டருக்கும், டாக்டர் அம்மாவுக்கும், எதிர்வீட்டு அக்காவுக்கும், என் அத்தைக்கும்,

பாப்பா பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. நேரில் நன்றி சொல்ல வந்தால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன், எல்லாரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

26-வது வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தீர்கள். 140-க்குள் இருக்க வேண்டிய சர்க்கரை 168 காட்டியது. மூன்றாம் மாதம் பார்த்தபோது ஒன்றும் இல்லை. 26-வது வாரம் வந்த அன்று நான் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். சாப்பிட்டிருந்தாலும் செய்யக்கூடிய சோதனை என்பதால், எனக்குக் கர்ப்பகால நீரிழிவு என்று அன்றே தெரிந்தது. இந்தச் சோதனை முறை இங்கே வழக்கத்துக்கு வரப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வீ. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் நம் நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். அவருக்கும் என் நன்றி.

ரிப்போர்ட்டைப் பார்த்த ஒருவர், "ஸ்வீட் நிறைய சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. பிள்ளைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சிஸ்டர், மறுநாள் நீங்கள் என்னை உட்காரவைத்து, நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, மாதம் ஏற ஏற அது கூடும், சிலர் உடம்பு அதற்கு ஈடுகொடுக்கும், சிலர் உடம்பால் முடியாது என்று சொன்னீர்கள். "நீ ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கே இந்த மடல் போதாது.

அப்புறம் எங்கள் வீட்டில் என்ன சமைப்போம் என்று கேட்டுக் கேட்டு எழுதினீர்கள். நல்லதென்று நான் தினமும் குடித்த ராகிக் கஞ்சி, இரண்டு மணி நேரத்தில் 151-இல் நின்றது. 120-க்குள் இருக்க வேண்டும். அதே ராகியை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, கூடவே ஒரு முட்டையும் சாப்பிட்டபோது 114. அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கிறது என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினோம். பதினோரு மணிக்குச் சுண்டல், நாலு மணிக்குப் பாதிக் கொய்யா. பட்டினி கிடக்கவே நீங்கள் விடவில்லை.

அத்தை, வளைகாப்பன்று ஏழு வகைச் சாதத்திலும் எனக்கு ஒவ்வொரு கரண்டிதான் வைத்தீர்கள். பக்கத்திலேயே ஒரு கிண்ணம் நிறையக் கொண்டைக்கடலை. நலங்கு வைத்த கையோடு லட்டை ஊட்ட வந்தவர்களிடம், "என்கிட்ட குடுங்க, அப்புறம் சாப்பிடுவா" என்று வாங்கி வைத்துக்கொண்டீர்கள். யாரிடமும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வாரத்தில் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுகள் இறங்கின. காலை வெறும் வயிற்று அளவு மட்டும் 100-க்குக் கீழே வரவே இல்லை. இன்சுலின் என்றதும் பயந்துபோனேன். "ஊசி மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைகிட்ட போகாது. உன் ரத்தத்துல இருக்கிற சர்க்கரைதான் போகும்" என்றார் டாக்டர் அம்மா. அதற்குப் பிறகு பயம் குறைந்தது. சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சுதானா என்று பார்த்து வாங்கவும், பால் மாதிரி இருக்கும் மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டவும் சிஸ்டர் பழக்கினீர்கள்.

அக்கா, எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் என் மருந்துக்கு ஓர் இடம் ஒதுக்கினீர்கள். இரண்டரை மாதம் தினமும் இரவு ஒன்பதரைக்கு நான் கதவைத் தட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூட நீங்கள் முகம் சுளித்ததில்லை. வெறும் வயிற்றில் 88 என்று மெஷின் காட்டிய காலையில், முதலில் உங்களிடம்தான் ஓடி வந்து சொன்னேன்.

39-வது வாரம், 3 கிலோ 100 கிராம். பாப்பாவின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தபோது சரியாகவே இருந்தது. ஆறாவது வாரம் மறுபடி குளுக்கோஸ் குடித்தேன், 118. இனி வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள், பார்ப்பேன்.

சிஸ்டர், வரும் புதன்கிழமை தடுப்பூசிக்கு வருகிறோம். முருங்கைக்கீரை அடை சுட்டுத் தருவதாக அத்தை சொல்லியிருக்கிறார். மதியச் சாப்பாடு கொண்டுவராதீர்கள்.